ஓட்டைக்குடைக்கு ஒரு மடல்

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. வானம் முழுவதும் மூட்டம், காற்று இல்லை, காலை எட்டு மணிக்கு மழைமானியில் இரண்டு மில்லிமீட்டர். எங்கள் மடற்குழுவில் தேதியையும் வானிலையையும் கூறிய பின்னரே எதையும் எழுத வேண்டும் என்பது விதி. மாடியில் மானி வைத்து, பெய்த மழையை அளப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நாங்கள். குழுவின் முகவரிக்கு ஒருவர் எழுதினால், அது அனைவருடைய மின்னஞ்சலுக்கும் சென்று சேரும். எவருடைய முகவரியும் பிறருக்குத் தெரியாது. புனைபெயர் மட்டுமே தெரியும். பட்டறையில் லேத் இயந்திரம் ஓட்டுபவன் ஆகையால் நான் ‘கடைசல்காரர்’. இன்று காலை எட்டு மணி ஏழு நிமிடத்திற்கு ‘ஓட்டைக்குடை’ எழுதியிருந்தது இவ்வளவே: மூட்டம், மழை இல்லை.

ஓட்டைக்குடை என் மகன். நான் யார் என்பதை அவன் அறியான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், பட்டறைக்கு வர மறுத்து மாடியில் நின்றவனிடம், “மழைய அளந்து என்னத்தடா கிழிக்கப் போற?” என்று கேட்டு, அவன் மானியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். மறுநாள் அவன் படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் ஓட்டைக்குடை என்ற பெயரும், அதன் கீழே இக்குழுவின் முகவரியும் இருந்தன. அவற்றை என் மனைவிதான் படித்துச் சொன்னாள். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. ஐம்பதாவது வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, பாடநூல்களை வரி தவறாமல் பார்த்தெழுதி, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குழுவில் சேர்ந்தேன். எழுத்தறியாத தன் தந்தை இவ்வாறு எழுதுவார் என்று அவன் எங்ஙனம் ஐயுறுவான்? ஒருமுறை, மானியில் நீர் ஆவியாவதைத் தடுப்பது எப்படி என்று குழுவில் கேட்டேன். “இரண்டு துளி எண்ணெய் விடுங்கள் ஐயா” என்று அவனே பதில் எழுதினான். ஐயா என்ற அச்சொல்லை நானும் மனைவியும் பலமுறை படித்தோம். நான் யார் என்று தெரிந்தால் தினமும் வரும் அந்த ஒரு வரியும் நின்றுவிடும் என்று அஞ்சி, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று மாலை ஆறு மணியோடு மடற்குழு மூடப்படுகிறது. இனி எல்லாம் இணைய மன்றத்தில். படங்கள் போடலாம், பழையவற்றைத் தேடி எடுக்கலாம் என்றனர் பெரும்பாலோர். பல் மருத்துவர் ஒருவர் மட்டும், “மடல் நம் வாசலுக்கு வருகிறது, மன்றத்திற்கு நாம்தான் செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டும்” என்று எழுதினார், அனைவரும் சிரித்துவிட்டு மாற்றத்திற்கே வாக்களித்தனர். மன்றத்தில் சேர உண்மைப் பெயரும் தொலைபேசி எண்ணும் தேவை. சேர்ந்தோர் பட்டியலை நண்பகல் வரை பார்த்தேன். ஓட்டைக்குடையும் இல்லை, என் மகனின் உண்மைப் பெயரும் இல்லை.

குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, முதன்முறையாக உண்மையைச் சொன்னேன். மகனின் முகவரியைக் கேட்டேன்.

“அண்ணே, முகவரியக் குடுக்க மாட்டேன். அவன் என்னை நம்பித்தானே சேர்ந்தான்? நீங்க எழுதி எனக்கு அனுப்புங்க, நான் அவனுக்குத் தள்ளி விடுறேன்.”

“மூடுறத ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா தம்பி?”

“மடல அனுப்புற சர்வர்காரன் ஆறு மணிக்குப் புடுங்கிருவான். எங்கையில இல்லண்ணே.”

உணவு இடைவேளையில், எண்ணெய்ப் பிசுக்குள்ள விரல்களால் எழுதினேன். ‘நவம்பர் 14. மூட்டம். நான் உன் அப்பா. உன் மானியை உடைத்தவன் நானே. புதியதை என் கையால் கடைந்து வைத்துள்ளேன். நீ கூறியபடி எண்ணெய் விடுகிறேன். எங்கிருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். உன் அம்மாவுக்காக, ஆறு மணிக்குள் ஒரு வரி எழுது.’ மருந்துக்கடைக்காரரின் கடைசி அறிவிப்பைத் திறந்து, அதற்கே பதிலாக அனுப்பினேன். குழுவில் வந்த மடலுக்கு அளிக்கும் பதில் குழு முழுவதற்கும் செல்லும் என்பது அனுப்பிய பின்னரே நினைவுக்கு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் படித்துவிட்டனர்.

பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மனைவி நடந்ததைக் கேட்டுவிட்டு, “இப்பவாவது வாய் தவறுச்சே. நல்லதாப் போச்சு” என்றாள்.

இரண்டரை மணிக்கு மடல்கள் வரத் தொடங்கின. எல்லாம் அவனுக்கு எழுதப்பட்டவை. எல்லாம் தேதியோடும் வானிலையோடும் தொடங்கின. ‘தம்பி, ஒரு வரி எழுதிடுப்பா.’ ‘உன் அப்பா இலக்கணம் பார்த்து அழுகிறார், மனம் இரங்கு.’ நான்கு மணிக்கு மருந்துக்கடைக்காரர் அழைத்தார்.

“அண்ணே, நம்ம சர்வரு மணிக்கு இருபது மடல்தான் அனுப்பும். இருபத்தஞ்சு வரிசையில நிக்குது. இப்ப அவன் எழுதினாலும் கடைசியிலதான் நிக்கணும். எல்லாரும் எழுதறத நிறுத்துங்கன்னு ஒரு மடல வரிசைக்கு முன்னால சொருகி விட்டுட்டேன்.”

அவருடைய வேண்டுகோள் அனைவரையும் அடைந்தது. உடனே, முன்பு எழுதியவர்கள் ஒவ்வொருவரும், ‘நவம்பர் 14. மூட்டம். மன்னிக்கவும், இனி எழுதமாட்டேன்’ என்று அனைவருக்கும் எழுதினர். வரிசை மேலும் நீண்டது. மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு மடல் வந்தபோதும் “அவனா?” என்றாள். இல்லை என்றேன். சற்று நேரத்திற்குப் பின் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கடைசியாக வந்தது பல் மருத்துவரின் மன்னிப்பு. அதன் பின் திரை அசையவில்லை.

தொலைபேசி ஒலித்தது.

“முடிஞ்சுதுண்ணே. நாப்பத்தொண்ணு போகாமலே நின்னுருச்சு.”

“அதுல அவன் இருக்கானா?”

“எண்ணிக்கை மட்டுந்தான் தெரிஞ்சுது. பேரு தெரியல.”

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. ஒருநாளும் மானியைத் தொடாத என் மனைவி, எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் பின்னால் சென்றபோது, அவள் நனைந்தபடி மானியின் முன் குனிந்து, ஒரு துளி விட்டு, நிறுத்தி, இன்னொரு துளி விட்டாள். அப்போது மணி மாலை ஆறு, நான்கு நிமிடம்.