வெள்ளை பல்ப்

கடைக்காரர் என் கணவர் அஸீமிடம் படித்துப் படித்துச் சொன்னார். "இந்தக் காருக்கு மஞ்ச பல்ப்தான் சரி. அதையும் நாங்களே மாட்டித் தாறோம்." இவர் கேட்பாரா? பக்கத்து வீட்டு வேனில் பார்த்த வெள்ளை பல்ப்தான் வேண்டுமென்று வாங்கிவந்து, தானே குத்தித் திணித்தார். அது குழியில் சரியாக உட்காரவில்லை. வெளிச்சம் வீதியை விட்டுவிட்டுப் பலாமரத்து உச்சியில் விழுந்தது.

"பலாக்கா ஈக்கான்னு பாக்க நல்லந்தான்," என்றேன்.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வத்தேகமவில் உள்ள உம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். தங்கச்சி ஹபீலாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகமாம், தரகர் அதற்கு மேல் சொல்லவில்லை. முன்பு வந்த இரண்டு சம்பந்தமும் கைநழுவிப் போய்விட்டன. இதுவாவது கூடவேண்டுமே என்று, மடியில் வட்டிலப்ப இனிப்புச் சட்டியைப் பிடித்தபடி வேண்டிக்கொண்டே வந்தேன்.

கட்டுகஸ்தோட்டை தாண்டியதும் எதிரே வந்த பஸ் லைட் அடித்துக் காட்டியது. எங்கள் பக்கம் அப்படிக் காட்டினால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம்.

"முன்னுக்கு பொலிஸ் ஈக்கி," என்று இவர் பெல்டை மாட்டிக்கொண்டு ஊர ஆரம்பித்தார். பொலிசைக் காணோம். அடுத்து ஒரு லொறி லைட் அடித்தது. பிறகு எதிரே வந்த அத்தனை பேரும் அடித்தார்கள்.

"நம்மட ஆக்கள் எவ்வளவு நல்லவங்க, பாத்தீங்களா!" என்று உருகி, ஒவ்வொருவருக்கும் நன்றியாக இவரும் முழு வெளிச்சத்தைத் திருப்பி அடித்தார்.

"அவங்கட கண்ணு கூசுது! அதுக்குத்தான் அடிக்கிறாங்க!" என்று கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

உம்மா வீட்டு கேட்டடியில், எதிர்ப்பக்கமிருந்து வந்த வேனும் லைட் அடித்தது. இவர் நன்றி சொன்னார். வேன் கண் தெரியாமல் மெதுவாக வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே இருந்தது மாப்பிள்ளை வீட்டார். மூன்றாவது சம்பந்தமும் கானுக்குள் போயிற்றே அல்லாஹ் என்று நான் அழுதேவிட்டேன்.

மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டையோடு எங்கள் காரின் மூடியைத் திறந்து, பொக்கெட்டிலிருந்து எடுத்த லேஞ்சியால் பிடித்து பல்பைக் கழற்றி நேராக மாட்டினார். பிறகு இவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, கையை நீட்டினார்.

"நானா, லைசன எடுங்க. நான் டிராபிக் பொலிஸ்."

இவர் சட்டைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். ஜன்னலில் ஹபீலா சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள். மாப்பிள்ளை அவளையே பார்த்தபடி லைசனைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் வாசித்தார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

இவர் என் காதருகே குனிந்தார்.

"நான் சென்னேன்தானே, முன்னுக்கு பொலிஸ் ஈக்கின்னு?"