பதினொரு விநாடிக்குக் காரணம் கூறுக

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மெமோவுக்குப் பதிலாகப் பிறந்தது.

என் அக்கா பேருந்து ஓட்டுநர். போன வாரம் டிப்போவில் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். வேலை நாட்களில் காலை 7.40-க்கு, நிறுத்தமே இல்லாத ஓரிடத்தில் அவள் வண்டியை நிறுத்தி, முன்கதவைத் திறந்து, பதினொரு விநாடி காத்திருந்து, 'யாரையும் ஏற்றாமலும் இறக்காமலும்' கதவை மூடிக்கொண்டு போவதாக வண்டியில் பொருத்திய கருவி காட்டிக்கொடுத்துவிட்டதாம். 'யாரையும் ஏற்றாமலும்' என்பதற்குக் கீழே சிவப்பில் கோடு. திங்கள் காலை பத்து மணிக்குள் காரணம் கூறவேண்டும். இல்லாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி, மற்ற ஓட்டுநர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும் மேஜையில் உட்காரவைத்துவிடுவார்கள். வண்டி ஓட்டுவது அக்காவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்றால், லீவு நாளில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் வலது கால் எதையாவது மிதித்துக்கொண்டேயிருக்கும்.

"நீதான் எழுதுறவனாச்சே. நாலு வரி எழுதிக் குடுடா" என்று போனில் சொன்னாள்.

"எழுதறேன். நீ ஏன் நிறுத்துற? அதைச் சொல்லு."

"தெரியலன்னு வெச்சுக்கோயேன்."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சொற்களை உரசிப் பார்ப்பது என் பிழைப்பு. 'தெரியல' என்பது வேறு, 'தெரியலன்னு வெச்சுக்கோ' என்பது வேறு. முன்னது பதில். பின்னது, பதிலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை நம் கண்முன்னே இடுப்பில் செருகிக்கொள்வது.

அந்தச் சமயம் பார்த்து, செவிலியர் மாணவிகளுக்காக 'உளவியல்: வரலாறும் பள்ளிகளும்' என்று ஒரு கையேடு எழுதித் தரும் வேலையும் என்னிடம் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நூற்று நாற்பது வருடமாக மனித மனசுக்குக் காரணம் தேடியவர்கள் அத்தனை பேரும் என் மேஜைமேல் இருக்கும்போது, பதினொரு விநாடிக்கு ஒரு காரணம் கிடைக்காதா என்ன?

2

ஆரம்பங்கள்:

அவள் பிரேக்கை மிதித்தபோது வானம்

(நிறுத்து. ஓட்டுநர் சாலையைப் பார்க்கவேண்டும், வானத்தை அல்ல.)

எல்லா மனிதர்களுக்கும் வாழ்வில் ஒரு நிறுத்தம்

('எல்லா மனிதர்களுக்கும்' என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதியவன் இரண்டு பேரைக்கூடச் சரியாகப் பார்த்திருக்கமாட்டான். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது ஆரம்பத்தைக் கெடுத்தது அக்காவேதான். கையேட்டின் தலைப்பை போனில் சொன்னதும், "உளவியல்ல எத்தனை பள்ளிக்கூடம்டா? யூனிஃபார்ம் உண்டா?" என்றாள்.

பள்ளி என்றால் இங்கே கட்டடம் இல்லை, ஒரே மாதிரி யோசிக்கிற கூட்டம் என்று விளக்கினேன். விளக்கியதோடு என் கதை முடிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் மதில்சுவரும் மணியும் தலைமையாசிரியரும் முளைத்துவிட்டார்கள். ஒரு பள்ளிக்காரர் அடுத்த பள்ளியின் கண்ணாடியைப் பார்த்துக் கல்லெறிகிறார். கையேடு எழுதி முடிக்கும்வரை இந்தக் காட்சியை என்னால் கலைக்க முடியவில்லை. நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

முதல் பள்ளி ஓர் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. வருடம் 1879. அனுபவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் மனம் எதனால் ஆனது என்று தெரிந்துவிடும் என்பது பாடம். பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உள்ளேயே எட்டிப் பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது, உணர்வை மட்டும் சொல்லவேண்டும் என்று பின்னால் கண்டிப்பும் வந்தது.

அக்காவுக்கு போன் போட்டேன்.

"பிரேக் மிதிக்கும்போது உள்ளே என்ன உணர்வு? பிரேக்னு சொல்லாதே. உணர்வை மட்டும் சொல்லு."

"கட்டைவிரல்ல அரிக்குது."

"வேற?"

"தம்பி அறுக்குறான்."

நுழைவுத் தேர்விலேயே போய்விட்டாள்.

கடல் கடந்து இன்னொரு பள்ளி எழுந்தது. மனம் எதனால் ஆனது என்று கேட்காதே, எதற்குப் பயன்படுகிறது என்று கேள் என்றது. கேட்டேன். அந்தப் பதினொரு விநாடி உனக்கு எதற்குப் பயன்படுகிறது?

"தண்ணி குடிப்பேன்."

"நிஜமாவா?"

"இல்ல. பாவம், இவ்ளோ கேக்கறியேன்னு சொன்னேன்."

4

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த பள்ளி. பெஞ்சுக்குப் பதில் ஒரு கட்டில். தலைமையாசிரியருக்குத் தாடியும் சுருட்டும். பாடப்புத்தகம் ஒன்றே ஒன்று, உங்கள் குழந்தைப்பருவம்.

இந்தப் பள்ளிக்குப் போனதும் என் பேனா துள்ள ஆரம்பித்துவிட்டது. ஆறு வயதுச் சிறுமி. மழை. "இங்கேயே நில்லு, இதோ வந்துடறேன்" என்று சொல்லி ஒரு நிறுத்தத்தில் விட்டுப்போன அம்மா. ஒவ்வொரு பேருந்தாகக் கதவு திறக்கிறது, அம்மா இறங்கவில்லை. நாற்பது வருடம் கழித்து அந்தச் சிறுமியே கதவைத் திறக்கிறாள்.

நன்றாக இருக்கிறது, இல்லையா? ஒரு சொல்கூட உண்மை இல்லை. எங்கள் அம்மா யாரையும் எங்கேயும் விட்டுப்போனவள் அல்ல. கடைக்குப் போனாலும் கைக்கொருவராக இழுத்துக்கொண்டு போவாள். இல்லாத சோகத்தை எழுதும்போதுதான் என் நடை அழகாகிறது. இது ஒரு வியாதி.*

* இந்த வியாதிக்கும் அந்தப் பள்ளியில் விளக்கம் உண்டு. நான் மறுத்தால் அந்த மறுப்பே சாட்சியாகிவிடும். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். அக்காவின் பதில்: "அம்மா படிச்சா உன் காதைத் திருகிடுவாங்க."

5

அப்புறம் வந்தது மணியடித்தால் எச்சில் ஊறிய நாயின் பள்ளி. இவர்கள் பிற்பாடு கொஞ்சம் கடுமையாகிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பேசுவோம் என்று சொல்லி, மனம் என்ற மாணவனுக்கே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மெமோவுக்குப் பதில் கடிதத்தை எனக்குக் கொடுத்தது இந்தப் பள்ளிதான். ஒரு வருடம் முன்புவரை அதே இடத்தில் நிறுத்தம் இருந்தது, நான் குடியிருக்கும் கட்டடத்தின் கேட்டுக்கு நேர் எதிரே. சாலையை அகலப்படுத்தியபோது அதைச் சிக்னலைத் தாண்டி நகர்த்திவிட்டார்கள். ஒன்பது வருடம் அதே இடத்தில் பிரேக் மிதித்த கால். கம்பத்தைப் பிடுங்கலாம், காலிலிருந்து பிடுங்க முடியுமா? 'பழக்கதோஷமே காரணம், இனி நேராது' என்று நாலு வரி எழுதினேன். கச்சிதம்.

கதையும் இங்கே முடிந்திருக்கவேண்டும். பிழை திருத்துகிற புத்தி விடவில்லை. பரிசு கிடைக்காத பழக்கம் மெல்ல அணைந்துவிடும் என்றும் அதே பள்ளிதான் சொல்கிறது. ஒரு வருடமாக ஒரு பயணிகூட ஏறாத இடத்தைக் கால் இன்னுமா நினைவு வைத்திருக்கும்? அதே வழித்தடத்தில் இன்னும் இரண்டு நிறுத்தங்களையும் நகர்த்தியிருக்கிறார்கள், அங்கெல்லாம் இவள் நிற்பதில்லை. அவள் சனிக்கிழமையும் வண்டி ஓட்டுகிறாள், சனிக்கிழமை நிற்பதில்லை.

நாய்க்கு மணி தெரியும். கிழமை தெரியாது.

6

எழுத்தாளன் என்றால் நேரில் போய்ப் பார்க்கவேண்டாமா? போனேன்.

ஓட்டுநருக்குப் பின்னால், ஜன்னலோர நீல இருக்கை. 7.40. வண்டி நின்றது. கதவு 'புஸ்' என்று திறந்தது. அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். யாரும் முணுமுணுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸ் கைப்பையைத் திறந்து, வண்டி குலுங்காத அந்த ஒரே இடத்தில், இரண்டு கண்ணுக்கும் மை தீட்டிக்கொண்டார். எனக்குப் பொட்டில் அடித்தது போல விளங்கியது. பகுதிகளைக் கூட்டினால் முழுமை வந்துவிடாது என்று சொன்ன பள்ளி ஒன்று உண்டு. பாட்டைச் சுரம் சுரமாகப் பிரித்தால் பாட்டு இருக்காது என்றார்கள். அதுபோல, இந்தக் காலை என்ற முழுமையில் அந்தப் பதினொரு விநாடி

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.)

ஞாயிறு மதியம் அக்கா வழக்கம்போலக் காய்கறி, பால், சோப்போடு வந்தாள். கையெழுத்துப் பிரதியை வாங்கி, நின்றுகொண்டே படித்தாள். இந்தப் பகுதிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"சீட்டு நீலமா?"

"ஆமா."

"சிவப்பு. மாத்தி ஒம்பது மாசம் ஆச்சு."

நான் திருத்துகிற பென்சிலைத் தேடினேன்.

"நர்ஸ் நல்லா இருக்கு. அவங்களை வேணா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் பாலை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனாள்.

உங்களிடமும் ஒப்புக்கொள்ளவேண்டியதுதான். நான் அந்தப் பேருந்தில் போகவில்லை. எந்தப் பேருந்திலும் போகவில்லை. பதினான்கு மாதமாக இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பேருந்தின் கூரை மட்டும்தான் தெரியும். கூரையைப் பார்த்து இருக்கையின் நிறத்தை எழுதினால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள நேரும்.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் சங்கடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு ஷூவைக் கட்டினேன், இன்னொன்றைக் கட்டவில்லை. புதன்கிழமையும் அப்படியே. அச்சகத்தில் கேட்டு வேலையை வீட்டுக்கு வாங்கிக்கொண்டேன். எல்லாப் பள்ளிகளின் வண்டிகளும் வரிசையாக வந்து கேட்டில் ஹாரன் அடித்துப் பார்த்தன. எதிலும் ஏறவில்லை. பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

7

அடுத்த பள்ளி, சொல்பவரின் பேச்சில் குறுக்கிடாமல் கேள், அவர் சொன்னதையே அன்போடு அவருக்குத் திருப்பிச் சொல் என்று கற்றுக்கொடுத்தது. சமையலறை வாசலில் நின்று அதையும் முயன்றேன்.

"அப்ப, ஏன் நிறுத்தறேன்னு உனக்கே தெரியலன்னு சொல்ற."

"தெரியலன்னு வெச்சுக்கோன்னு சொன்னேன்."

"வெச்சுக்கோன்னு சொல்ற."

"கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லாதடா. எரிச்சலா வருது." தக்காளியைக் கூடையில் கொட்டினாள். "அந்த ஸ்டாப்புல தினமும் யாரு ஏறுவா?"

"...நான்."

"எந்தெந்த நாளு?"

"திங்கள்லேர்ந்து வெள்ளி."

"அப்புறம் என்னடா பெரிய ஆராய்ச்சி?"

ஃப்ரிட்ஜ் ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது.

"அதென்ன பதினோரு செகண்ட்?"

"நீ கேட்டைத் திறந்து ஓடி வர அவ்ளோ நேரம் ஆகும். ஒரு நாளாவது டயத்துக்கு வந்திருக்கியா?"

வெட்கமாக இருந்தது. கூடவே தாங்கமுடியாத அன்பாகவும் இருந்தது. 'அன்பாக இருந்தது' என்று வேறு யாராவது எழுதியிருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

"இதையே எழுதிடலாமே. 'என் தம்பிக்காக'ன்னு."

"தம்பிக்கு என்னன்னு கேப்பாங்க. உனக்கு என்னன்னு டிப்போ பூரா பேசறதுக்கு நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்? சாவி மேஜைன்னா சாவி மேஜை. போகட்டும்."

அவள் 'போகட்டும்' என்று சொன்னபோது வலது கால் தரையில் எதையோ மிதித்தது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "லெட்டரை எழுதி வை. காலையில வாங்கிக்கறேன்."

"எப்போ வருவ?"

"மேல வர நேரமில்ல. ஏழு நாப்பதுக்குக் கதவைத் திறப்பேன். குடுத்துடு."

எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. மாடிப்படியில் எட்டிக் கத்தினேன்: "அக்கா! இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?"

கீழேயிருந்து பதில் வந்தது: "டிரைவிங் ஸ்கூல்ல!"

(கத்துவதற்காக நான் வாசற்படிக்கு வெளியே ஒரு காலை வைத்திருந்தேன். இதை மறுபடி படிக்கும்போதுதான் கவனித்தேன்.)

8

கையேட்டில் இன்னும் ஒரு பள்ளி பாக்கி. கணினி வந்தபிறகு, மனமும் தகவலை வாங்கி, அடுக்கி, வரைபடம் போட்டு வைத்துக்கொள்கிறது என்று சொன்னவர்கள். டி.சி. வாங்கிப்போன மனத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட புண்ணியவான்கள். விரிவாக எழுத நேரமில்லை. மாநகராட்சி வரைபடத்தில் அந்த நிறுத்தம் கிடையாது, அக்காவின் வரைபடத்தில் இன்னும் இருக்கிறது. மாணவிகளுக்கு இந்த உதாரணம் போதும்.

முடிவுகள்:

(அ) பழக்கதோஷம் என்ற கடிதம். பொய். டிப்போக்காரர்களுக்கும் கிழமை பார்க்கத் தெரியும்.

(ஆ) 'என் தம்பிக்காக.' மெய். அக்கா கையெழுத்துப் போடமாட்டாள்.

(இ) மெமோவில் சிவப்புக் கோடு 'நிறுத்தம் இல்லாத இடத்தில்' என்பதற்குக் கீழே இல்லை. 'யாரையும் ஏற்றாமலும்' என்பதற்குக் கீழேதான் இருக்கிறது. ஒரே ஒரு நாள், ஒரே ஒருவன் ஏறிவிட்டால், காரணத்தை இரண்டே சொல்லில் எழுதிவிடலாம்: 'பயணி வந்தார்.' இந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு பிழைகூடக் கிடையாது. நான் திருத்திப் பார்த்துவிட்டேன்.

9

திங்கள். மணி 7.34.

கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று என் சட்டைப் பையில், ஒன்று உங்களுக்காக மேஜைமேல். இரண்டிலும் 'காரணம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இடம் காலி.

ஒரு ஷூவைக் கட்டிவிட்டேன். இன்னொன்றைக் கட்டவேண்டுமானால் இரண்டு கையும் வேண்டும், பேனாவைக் கீழே வைத்தாகவேண்டும். ஆகவே இங்கிருந்து கதை என் கையில் இல்லை.

நீங்கள் ஜன்னலுக்கு வாருங்கள். சிக்னலுக்கு முன்னால் கூரை தெரியும். கதவு திறக்கிற 'புஸ்' மூன்றாவது மாடிவரை கேட்கும். கேட்டதும் எண்ண ஆரம்பியுங்கள், அவசரப்படாமல். பதினொன்றில் கூரை நகர்ந்துவிட்டால், நான் மாடிப்படியில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறேன். வந்து பக்கத்தில் உட்காருங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணிய பிறகும் கூரை அசையாமல் நின்றால், அக்கா யாரிடமோ "இன்னிக்கும் லேட்டா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அப்படி வெச்சுக்கோங்களேன்.

காரணம்: ...........................