கரையில் ஊற்றிய தண்ணீர்

புருஷனின் கட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் இசபெல்லா குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

காலையிலிருந்தே ஞானராஜ் புரண்டுகொண்டிருந்தான். கணுக்காலில் கொப்புளம் உடையும் பதத்தில் இருந்தது. உள்ளே நரம்புச் சிலந்திப் புழு. நெருப்பை வைத்துக் கட்டியது போல எரிந்தது. அந்த எரிச்சலுக்கு ஊரார் அறிந்த வைத்தியம் ஒன்றுதான்: படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைப்பது.

பிறந்த ஊரான பொம்மிடியில் அவள் அண்ணனும் அப்படித்தான் நனைத்தான். மறுவருஷம் தெருவே நொண்டியது. காலிலிருந்து புழு தண்ணீரில் குஞ்சு விடும், குடிப்பவர் உடம்பில் அது வளரும் என்று சுகாதார ஆபீசர் வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. அதனால்தான் இங்கே வாழ வந்ததும் புருஷனின் கல்யாண வேட்டியைக் கிழித்து மடித்து, அதில் வடிகட்டியே குடத்தை நிரப்பினாள்.

"சாமியாரு மந்திரிச்ச வேட்டிய கிழிச்சிட்டா! எங்கூட்டுத் தண்ணி மகாராணிக்கு ஆகாதாம்," என்று மாமியார் ராயம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். வீம்புக்கென்றே கிணற்றில் நேராக மொண்டு குடித்தாள்.

இசபெல்லா குடத்தோடு ஓடினாள். வெயிலில் பாதங்கள் பொரிந்தன. ஞானராஜ் கடைசிப் படியில் நின்று வேட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ராயம்மாள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"எறங்காதீங்க!"

"உசுரு போவுது புள்ள. ஒரே நிமிசம்."

"நனைக்கட்டும் விடுடி," என்றாள் ராயம்மாள். "பெத்தவ எனக்கில்லாத அக்கறயா?"

இசபெல்லா அவன் கையை இறுகப் பிடித்தாள். "இந்தத் தண்ணியத்தாங்க நாளைக்கு உங்க புள்ளையும் குடிக்கணும்."

"எந்தப் புள்ள?" என்றான் ஞானராஜ்.

அவள் தலைகுனிந்து வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். நனைக்கத் தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, அவள் தோளைப் பற்றிக்கொண்டு படியேறினான்.

கிணற்றைவிட்டுத் தள்ளி, புளியமரத்தடிப் பாறையில் அவனை உட்காரவைத்துக் குடம் குடமாக ஊற்றினாள். கொப்புளம் உடைந்து வெள்ளை நூல் போலப் புழு தலைநீட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டே அவன் சிரித்தான். "சாமியாரு பெரிய வியாழன் பூசையிலதான் ஊராரு காலக் கழுவுவாரு. நீ என்னாடி, இன்னிக்கே?"

ராயம்மாள் மேலேறி வந்தாள். மொண்ட தண்ணீரைக் கீழே கவிழ்த்தாள்.

"அந்த வேட்டித் துணிய எத்தினி மடிப்பு மடிப்ப?"

"காட்டறேன் அத்தை," என்றாள் இசபெல்லா. அதற்குள் அவள் கண்கள் மாமியாரின் கால்களுக்குத் தாவிவிட்டன. இத்தனை மாதமாக வடிகட்டாமல் மொண்டு குடித்தவளின் கால்கள். இன்னும் கொப்புளம் ஒன்றும் தெரியவில்லை.