மெடிக்குக்கு எத்தனை சதவீதம்

எல்லாம் ஒரே ஒரு டிக்கால் வந்த வினை. கணினிப் போர் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது, ஏதோ சோதனைக்காக, காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருந்து கட்டுகிற மெடிக் பொம்மைக்கு நேரே ‘சேதம் வேண்டாம்’ என்றிருந்த கட்டத்தில் அவன் ஒரு டிக் போட்டான். சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்துவிடலாம் என்று போனான். சாப்பிட்டான், வந்தான், மறந்தான். விளையாட்டு அப்படியே சந்தைக்குப் போய்விட்டது.

இரண்டு வருஷமாக யாருக்கும் அது குறையாகவே தெரியவில்லை. குண்டு மழையில் மெடிக் நனையாமல் நடந்தார். விழுந்தவன் மேல் கை வைத்தால் ஒரு பச்சை வெளிச்சம். செத்தவன் போலக் கிடந்தவன் எழுந்து ஓடுவான். கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் ஆறு மெடிக்குகளை வரிசையாக நிறுத்தி மதில் கட்டிக்கொண்டார்கள். எந்தப் பொம்மை எத்தனை குண்டுக்குச் சாகும் என்று கணக்குப் போடுவதுதான் அவன் வேலை. அதனால் அலுவலகத்தில் அவனுக்கு எமன் என்று பெயர். ஒரு கூட்டத்தையே பட்டியலில் சேர்க்க மறந்துபோன எமன்.

கடைசியில் எவனோ ஒருவன் கண்டுபிடித்து எழுதிவிட்டான். மேலாளர் கூப்பிட்டு, இனி மெடிக் நிஜத்தில் சாகிற மாதிரியே சாக வேண்டும், நூற்றுக்கு எத்தனை பேர் என்ற எண்ணைக் கேட்டு வா என்றார். அதே வாரம்தான் அவனுடைய அக்கா மகள், படிப்பு முடித்து ஆறு மாதமாக வீட்டிலிருந்தவள், மெடிக்காகப் போகிறேன் என்று பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றாள். எல்லையில் சண்டை மூண்டு மூன்றாவது மாதம். திங்கட்கிழமை காலை பேருந்து.

அந்த விளையாட்டை அவளைவிட அதிகமாக ஆடியவர் யாருமில்லை. ஆடியபோதெல்லாம் மெடிக் பக்கம்தான். ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் நெருப்புக்குள் போய் வரலாம் என்று அவளுக்குக் காட்டியது யார்? அவளைப் பேருந்தில் ஏற்றப்போவது தன்னுடைய டிக்தான் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் விளையாட்டைத் திருத்தி, அவளை உட்காரவைத்து ஆடவிட்டு, பயமுறுத்திப் போகாமல் நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தான். அதற்கு நிஜமான எண் வேண்டும்.

எண் குடும்பத்திலேயே இருந்தது. அத்தான், அதாவது அவளுடைய அப்பா, போன சண்டையில் மெடிக்காக இருந்தவர். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறார். அவர் குத்தினால் வலிக்காது என்று அவர் முன்னால் மட்டும் வரிசை நீளும். சண்டையைப் பற்றி மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

இவன் கொழுப்புச் சோதனை என்று பொய் சொல்லிக்கொண்டு போய், சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான். போகும்போது எத்தனை மெடிக் போனீர்கள் என்று கேட்டான். ஒரு சின்னப் பேருந்து நிறைய என்றார். வரும்போது?

“வரும்போது எனக்கு ஜன்னல் சீட்டு கிடைச்சுது மாப்ளே. கையை மடக்கிப் பிடி.”

அதற்கு மேல் அவரிடம் எதுவும் பெயரவில்லை. கொழுப்பு மட்டும் நிஜமாகவே அதிகமாக இருந்தது.

வேறு வழியில்லாமல் அவனே குத்துமதிப்பாக நூற்றுக்கு நாற்பது மெடிக் சாவார்கள் என்று போட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா சன்னலோரம் உட்கார்ந்து, மகளுடைய சட்டைக் காலர்களில் எண் எழுதிய நாடாவைத் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் தரையில் செய்தித்தாளை விரித்து, புது பூட்ஸைப் பிசைந்து பிசைந்து மெழுகு தடவிக்கொண்டிருந்தார். வா என்று சொன்னது மின்விசிறி மட்டும்தான்.

புதுசாகத் திருத்தியிருக்கிறேன், கடைசியாக ஒரு ஆட்டம் ஆடிச் சொல் என்று அவள் முன்னால் திறந்து வைத்தான். அவள் எடுத்த எடுப்பில், மெடிக்கின் கையிலிருக்கும் சிவப்புச் சிலுவைப் பட்டையைக் கழற்ற முடியுமா, அதைத்தானே முதலில் குறிவைப்பார்கள் என்று கேட்டாள். முடியாது என்றான். அப்படி ஒரு வசதி வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஒருவன் விழுந்து அலறினான். அந்த அலறலுக்காக ஒரு நடிகரை அழைத்து அரை நாள் கத்தவைத்திருந்தார்கள். அவள் அசையவில்லை. மெடிக்கைச் சுவருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சுடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் ஐம்பது நொடி ஓடியது. பிறகு ஒரே ஒரு மெடிக்கைத் தவழவிட்டாள். அது அலறுகிறவனைத் தாண்டிப் போய், சத்தமே இல்லாமல் கிடந்த இன்னொருவனிடம் நின்றது.

“கத்துறவனுக்கு இன்னும் மூச்சு இருக்கு மாமா.”

சாலை நடுவில் மூன்றாவதாக ஒருவன் கிடந்தான். அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவனை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டான்.

“நாம வரணும்னுதானே அவனை அங்க உயிரோட விட்டு வச்சிருக்காங்க.”

இடம் வெறிச்சென்று இருக்கிறதே என்றுதான் அந்தப் பொம்மையை அவன் அங்கே போட்டிருந்தான்.

அப்படிப் பார்த்துப் பார்த்து ஆடியும் தவழ்ந்துபோன மெடிக் திரும்பவில்லை. அடுத்ததை அனுப்பினாள். அதுவும் விழுந்தது. பயந்துவிடுவாள் என்று அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேருந்து நேரம் பார்க்கிற முகமாக இருந்தது அது. நூற்றுக்கு எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். நாற்பது என்றான்.

“ரொம்பத் தாராளம் மாமா உங்களுக்கு.”

பூட்ஸின் மேல் மெழுகுத் துணி நின்றுவிட்டது. ஊசி காலருக்குள் பாதியில் நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் அசட்டுத்தனமாக எதையாவது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பது அந்த வீட்டில் அவனுக்கென்று ஒதுக்கிய வேலை. அன்றைக்கு அந்த வேலையை விட்டுவிட்டான். அந்த வாரம் முழுக்க அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டான்.

“என் விளையாட்டைப் பார்த்துத்தானேம்மா நீ கையெழுத்துப் போட்ட? அதுல மெடிக் சாகாம இருந்தது என் தப்பு. நிஜத்துல என்ன ஆகும்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?”

அவள் மடிக்கணினியை மெல்ல மூடினாள். அப்பா பக்கம் ஒருமுறை பார்த்தாள். அவர் பூட்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்க விளையாட்டைப் பார்த்து யாராவது சண்டைக்குப் போவாங்களா மாமா? அப்பா சொல்லிட்டார். பதினாலு பேர் போனாங்க, ரெண்டு பேர் வந்தாங்க. கையெழுத்துப் போடறதுக்கு முந்தின நாளே, ஒருத்தர் விடாம, யாரு எங்க விழுந்தாங்கன்னு சொல்லிட்டார். தெரிஞ்சுதான் போறேன்.”