எங்காங் பூசிய கதவு

தினேஸ்வரியின் அறைக் கதவை எங்காங் பறவைகள் மண் குழைத்துப் பூசி அடைத்துவிட்டன. தக்காளி கிலோ ஆறு மலேசிய வெள்ளிக்கு விற்ற வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பத்து காஜா ஊருக்கு வெளியே ரப்பர் பால்மரங்களை வெட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பில் இது நடந்தது. புத்தகத்தில் இருவாச்சி என்று போடுவார்களே, அதே பறவைதான். மரப்பொந்தை ஜோடியாக அடைத்துவிட்டு, பெட்டை உள்ளே குஞ்சு பொரிக்க, ஆண் ஒரு கீறல் வழியாக ஊட்டிக்கொண்டிருக்கும். இந்த ஜோடி மனிதர் வீட்டுக்கு ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தினேஸ்வரிக்கு ஏழாம் மாதம், கேட்க வேறு கவலைகள் இருந்தன. முன்பு இரண்டு பிள்ளைகள் இதே ஏழாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தன. படுத்தே இருக்கச் சொல்லி கிளினிக்கில் கண்டிப்பாகச் சொன்னார்கள். அந்த வீட்டில் எங்கே படுப்பது? மாமியார் காளியம்மாவுக்குக் காலை ஐந்து மணிக்கே தேத்தண்ணி கைக்கு வர வேண்டும். கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டும் கணவன் தர்மேந்திரனோ, அடுப்பு எந்தப் பக்கம் திருகும் என்று அறியாதவன்.

பழி முதலில் ராஜு மேல் விழுந்தது. அவன் தர்மேந்திரனின் அண்ணன், இரண்டு வீடு தள்ளி இருப்பவன், சிமெண்டுப் பூச்சு வேலை செய்பவன். தங்கை கல்யாணப் பத்திரிகையில் பெயர் கீழே போய்விட்டதென்று ஆறு வருடமாகத் தம்பியோடு பேச்சில்லை. காளியம்மா தெருவில் நின்று கத்தினாள். "ஏன்டா, புள்ளத்தாச்சி படுக்கிற ரூம்பையாடா பூசி வைப்ப?" ராஜு வந்து விரலால் தடவிப் பார்த்து நொந்துபோனான். "கோணலும் மாணலுமா இருக்கு, பாரும்மா. எம் பூச்சு இப்படியா இருக்கும்? என்னை வேணும்னா அடி, என் வேலைய ஏசாதலா." உளி வைத்தான், உளிதான் மழுங்கியது. அப்போது பூச்சின் நடுவே விட்டிருந்த கீறல் வழியாகத் தினேஸ்வரியின் குரல் வந்தது. "யாரும் உடைக்காதீங்க. தூங்கிக்கிட்டு இருக்கேன்."

அறையோடு குளியலறை ஒட்டியிருந்ததால் அந்தக் கஷ்டம் இல்லை. சாப்பாடுதான் பெரிய பாடாகிவிட்டது. காளியம்மா சுருட்டி நீட்டிய தோசையைக் கதவருகே காவல் இருந்த எங்காங் கொத்திப் பிடுங்கியது, மூன்று முறையும். மத்தியானம் தர்மேந்திரன் ரொட்டியை நீட்டியதும் ஒதுங்கி ஜன்னல் கம்பியில் போய் உட்கார்ந்தது. அவன் ஊட்டாவிட்டால் அவள் பட்டினி என்பது எல்லோருக்கும் விளங்கியது. அவன் மலைக்குப் போகும் நடையைக் குறைத்துக்கொண்டு அடுப்பு முன் நின்றான். "உப்பு எங்க தினேஸ்?" என்று கீறலில் வாய் வைத்துக் கேட்டான். "செவப்பு மூடி டின்னுல. கல்யாணம் ஆன நாள்லேருந்து அங்கதான்லா இருக்கு!" மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் கிளினிக் தாதி வாரம் ஒருமுறை வந்து, குழாயைக் கீறலுக்குள் விட்டுக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுவிட்டுப் போனாள்.

நாற்பதாம் நாள் தாப்பாவுக்கு மேலே மண் சரிந்து ரோடு அடைபட, தர்மேந்திரன் லோரியோடு மலையிலேயே மாட்டிக்கொண்டான். மறுநாளும் திறக்கவில்லை. காளியம்மா நீட்டிய கஞ்சி தரையில் கொட்டியது. உள்ளே தினேஸ்வரி குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்தபடி கிடந்தாள். தர்மேந்திரன் லோரியில் உட்கார்ந்து, ஆறு வருடம் அழுத்தாத எண்ணை அழுத்தினான்.

"அண்ணே."

"சொல்லு."

"அவ ரெண்டு நாளா சாப்பிடலண்ணே."

போன் துண்டிக்கப்பட்டது. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான் என்று நினைத்துத் தர்மேந்திரன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். ராஜுவோ வீட்டுச் சோற்றை ரசம் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துக்கொண்டு கதவுக்கு ஓடியிருந்தான். எங்காங் அவனைத் தலை சாய்த்து வெகுநேரம் பார்த்தது, பிறகு விலகியது. செய்தி கேட்ட மிஸ்ஸி ஆச்சரியப்படவில்லை. "சில பறவைக் கூட்டத்துல அண்ணன் தம்பியும் சேந்துதான் ஊட்டும். அப்படி இருந்தாத்தான் குஞ்சு தங்கும்." மறுநாள் விடிந்ததும் காளியம்மா தன் கையால் முதன்முதலாக மருமகளுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தாள். பறவை அவளுக்கும் வழி விட்டது.

ஐம்பத்தெட்டாம் நாள் தினேஸ்வரி உள்ளிருந்து பூச்சைத் தட்டி உடைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தாள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது, மூன்று கிலோ நூறு கிராம். வராந்தாவில் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பொட்டலச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு வருடாவருடம் எங்காங்குகள் வந்தன. இதுவரை அந்தத் தாமானில் ஏழு வீட்டில் பூசியாயிற்று. பிள்ளைத்தாச்சி உள்ள வீட்டில் சாமான்களை முன்கூட்டியே அறைக்குள் வைத்துவிடுவார்கள், ஆண்கள் யார் எந்த வேளை என்று பேசிக்கொள்வார்கள். போன வருடம் தினேஸ்வரிக்கு மறுபடியும் ஏழாம் மாதம், மறுபடியும் பூச்சு. ஒரு மழை நாளில் லோரி அரை மணி நேரம் தாமதமானது. அதற்குள் நாலு வீட்டு ஆண்கள் சட்டியும் தட்டுமாகக் கதவடியில் வரிசையில் நின்றுவிட்டார்கள். உள்ளிருந்து ஏப்பமும் அதன் பின்னால் குரலும் வந்தன.

"போதும்லா அண்ணே, வயிறு வெடிச்சிரும். மிச்சத்த நீங்களே உக்காந்து சாப்பிடுங்க."