என் துப்பாக்கிக்கு ஒரு குறைச்சான்று

என் சகலை என்னைவிட நன்றாகச் சுடுகிறார் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவருடைய துப்பாக்கி என்னுடையதைவிட நன்றாகச் சுடுகிறது என்று சொல்வதில் எனக்கு எந்த இழுக்கும் இல்லை. ஆகவே அவ்வாறே எழுதி, எங்கள் குறிசுடும் கழகத்தின் செயலாளரிடம் கொடுத்தேன்.

முப்பத்தோராண்டுகளாக நான் அக்கழகத்தின் உறுப்பினன். என் மனைவியின் தங்கையை மணந்த பல் மருத்துவரோ, சேர்ந்து நான்காண்டுகள்கூட நிறையாதவர். கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கென ஓர் இடம் உண்டு, ஒன்றே ஒன்று. பத்தாண்டுகளாக அது என் இடம். இவ்வாண்டுத் தேர்வுச் சுற்றில், வாங்கி ஒரு மாதமே ஆன புதுக் கைத்துப்பாக்கியால் அவர் பதினொரு புள்ளிகள் கூடுதலாகப் பெற்றார். கைதட்டியவர்களுள் என் மனைவியும் ஒருத்தி.

செயலாளர் என் கடிதத்தை இருமுறை படித்தார். "சார், ரெண்டையும் செஞ்சது ஒரே கடைதானே? அவங்ககிட்டயே போய், உங்களுது மட்டம்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் கழகத்துத் துப்பாக்கியக் குடுத்து மறுபடியும் சுடச் சொல்றோம். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் டைம்."

ஒப்பிடுவதற்கு மருத்துவரின் துப்பாக்கியும் வேண்டும். கேட்டவுடன் அவர் மறுப்பார், அதையும் கடிதத்தில் சேர்க்கலாம் என்று காத்திருந்தேன். அவரோ சனிக்கிழமை காலையில் காரோடு வந்து வாசலில் நின்றார்.

"வாங்கண்ணா, நானே கூட்டிட்டுப் போறேன். பஸ்ல போய் ஏன் அவதிப்படணும்?"

என் மனைவி துப்பாக்கிப் பெட்டியை என் கையில் திணித்தாள். "தன் தலையில மண்ணப் போட வர்ற ஆளுக்கே காரும் ஓட்டுறாரு பாருங்க, அந்த மனுஷன். உங்களுக்குக் கூச்சமாவே இல்லையா?"

கூச்சமாகத்தான் இருந்தது. அதற்காகவும் அவர்மீது எரிச்சலே வந்தது.

துப்பாக்கிக் கடையின் காட்சிக்கூடம் மருந்தகத்தைப் போலத் துடைத்துவைத்ததாய் இருந்தது. இடச்சுவரின் கண்ணாடி அலமாரிகளில் பழையவை, வலச்சுவரில் புதியவை. கடையை நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கறுப்பு மேலங்கியும், விரல் நகங்களில் எண்ணெய்க் கறையுமாக உள்ளிருந்து வந்தார். நான் முந்தி வணக்கம் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலாக, "டாக்டர்! கடவாப்பல்லு இப்ப சுத்தமா வலிக்கவே இல்ல" என்றார். ஊரிலுள்ள பற்களை எல்லாம் இந்த மனிதர் முன்னரே தம்பக்கம் சேர்த்துக்கொண்டுவிட்டார் போலும்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அப்பெண்மணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "முப்பது வருஷமா இங்க வந்து 'என்னுது ஒசத்தி'ன்னு சண்ட போட்டவங்களத்தான் பார்த்திருக்கேன். 'என்னுது மட்டம், எழுதிக் குடுங்க'ன்னு வந்த மொத ஆள் நீங்கதான்."

மருத்துவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அப்பெண்மணி முதலில் இரண்டு துப்பாக்கிகளையும் பச்சைத் துணியின்மேல் அருகருகே வைத்தார். என்னுடையது நீண்ட குழலும் ஒல்லியான மரக்கைப்பிடியும் உடையது. அலங்காரம் என்று சொல்வதற்கு ஒரு கோடுகூடக் கிடையாது. மருத்துவருடையதன் குழல் குட்டை, முன்முனையில் எடைக்கட்டிகள், கைப்பிடியோ உள்ளங்கைக்கு வார்த்த அச்சுப்போலப் பள்ளமும் மேடுமாக இருந்தது. அடியில் திருகைச் சுழற்றினால் மணிக்கட்டைத் தாங்கும் பலகை மேலேறும். அதைக் கையில் எடுத்தேன். கையே துப்பாக்கிக்குள் குடிபுகுந்ததுபோல் இருந்தது. விசையை இழுக்க ஆட்காட்டிவிரல் நினைத்தாலே போதும் போலும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பார்த்தீங்களா? இதை வெச்சுக்கிட்டா யாருதான் சுடமாட்டாங்க?" என்றேன்.

"பிடிக்க சுகம்தான். ஆனா சுகம் வேற, குறி வேற. கைய எடுத்துட்டுப் பார்த்தாத் தெரிஞ்சுரும்" என்றார் அப்பெண்மணி.

அக்கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியையும் இரும்புப் பிடியில் இறுக்கிப் பூட்டி, குறிகாட்டும் பள்ளத்தின் வழியாக அட்டையின் நடுவைப் பார்த்து நிறுத்தி, மனிதக் கை படாமல் ஐந்து குண்டுகள் சுடுவார்கள். அந்த அட்டையில் துப்பாக்கியின் எண்ணை எழுதிக் கடையிலேயே வைத்துக்கொள்வார்கள். பின்கட்டில், நீண்ட சுரங்கம் போன்ற அறையில், இப்போதும் அதுவே நடந்தது.

முதலில் மருத்துவருடையது. ஐந்து குண்டுகளும் நடுப்புள்ளியில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குள் விழுந்தன. அடுத்து என்னுடையது. ஒரு துப்பாக்கியின் சொந்தக்காரன் அது தவற வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டிநிற்பதை அந்த அறை அதற்குமுன் கண்டிருக்காது. ஒவ்வொரு வெடிக்கும், 'விலகு, விலகு' என்றே மனத்துக்குள் சொன்னேன்.

அட்டையை அப்பெண்மணி விளக்கடியில் வைத்தார். நடுவிலிருந்து நன்றாக விலகி, மேலே வலப்புறத்தில் இருந்தது அடி.

"பார்த்தீங்களா!" என்றேன். என் குரல் அவ்வளவு இளமையாக ஒலித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

"அவசரப்படாதீங்க சார். ஓட்டைய எண்ணுங்க."

எண்ணினேன். ஓர் ஓட்டைதான் இருந்தது. ஐந்து குண்டுகளும் அதே ஓட்டைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருந்தன. மருத்துவருடைய பொத்தானில் பாதிகூட இல்லை.

அப்பெண்மணி இரும்பு அலமாரியைத் திறந்து, எண்ணைத் தேடி, மஞ்சளேறிய அட்டை ஒன்றை எடுத்துவந்தார். முப்பத்தோராண்டுகளுக்குமுன் அதே துப்பாக்கி சுட்டது. அதே அளவு ஓட்டை, ஆனால் நட்டநடுவில்.

"குழல் அன்னைக்கு இருந்தபடியே இருக்கு. எங்க மாமனார் கையால செஞ்சது, இப்ப எங்களாலயே இப்படி ஒண்ணு செய்ய முடியாது. பின்சைட்டத்தான், இந்தக் குறிபார்க்கிற பள்ளத்த, யாரோ வலதுபக்கமா, மேலத் தூக்கித் திருகி வெச்சிருக்காங்க. ஒரே தடவையில இல்ல. கொஞ்சங் கொஞ்சமா, பல வருஷமா. திருகுல பாருங்க, எத்தன தழும்பு."

"அப்படி ஏன் திருகணும்?" என்று கேட்டார் மருத்துவர். வேண்டுமென்றே கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"சுடுறவர் விசைய இழுக்கும்போது கையையும் சேர்த்து இழுத்தா, குண்டு கீழ இடதுபக்கம் போகும். கைய திருத்தாம சைட்ட திருத்தினா இப்படித்தான்."

நில அளவைத் துறையில் நான் உழைத்தது முப்பத்துமூன்று ஆண்டுகள். கருவி பிழையா, கை பிழையா என்று முதலில் பார்க்கவேண்டும் என எத்தனை பேரைக் கடிந்திருக்கிறேன்! ஒவ்வொரு மழைக்காலத்திலும், 'இரும்பு சற்றே நகர்ந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டே அந்தத் திருகை அரைச்சுற்று, கால்சுற்று திருகியது என் கைதான். இரும்பு நகரவில்லை.

அப்பெண்மணி சான்றை எழுதி முத்திரை வைத்தார்: பழைய துப்பாக்கி, புதியதைவிடத் துல்லியத்தில் மேம்பட்டது. ஆடு தானே கத்தியை எடுத்துக்கொடுத்த கதையாயிற்று.

வாசலுக்கு வந்ததும் மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, இதை கமிட்டியில குடுக்க வேணாம். கிழிச்சுப் போடுங்க. எனக்கு அன்னைக்கு ரெண்டு பேஷண்ட் இருக்காங்கன்னு சொல்லிடறேன். நீங்களே போட்டிக்குப் போங்க."

இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 'சரி' என்றால் போதும். ஆனால் அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் நின்று நான் சுடுவதையும், அதை அவர் யாரிடமும் சொல்லாமல் இருப்பதையும் நினைத்துப்பார்த்தேன். தோற்றதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பெருந்தன்மையிலும் இவரிடம் தோற்க வேண்டுமா?

"ஒண்ணும் வேணாம்" என்றேன். "ஜெயிச்சது நீங்க. நீங்கதான் போறீங்க. பேப்பர நானே குடுக்கறேன்."

வீடு திரும்பும் வழியிலேயே கழகத்தில் இறங்கி, சான்றைச் செயலாளரின் மேசைமேல் வைத்து, என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; நான் கதவருகில் இருந்தேன்.

கார் மீண்டும் கிளம்பியது. மருத்துவர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? உங்களுது என்னுதவிட நல்லா அடிக்குதே. அந்த ஒரு நாளைக்கு மட்டும் குடுங்களேன். கழகத்துக்குத்தானே?"

என் மடியில் இருந்த பெட்டியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டேன்.

"முடியாது."

"ஏன்?"

சாக்குகள் என்னிடம் இருந்தன. பழக்கமில்லாத கைக்குச் சரிப்படாது எனலாம். திருகைச் சரிசெய்ய வேண்டும் எனலாம். காலையிலிருந்து சொன்ன பொய்களே அலுத்துப்போயிருந்தன.

"பொறாமை" என்றேன். "நீங்க ஜெயிச்சாலே வயிறு எரியுது. என் துப்பாக்கியால ஜெயிச்சா செத்தே போயிடுவேன்."

அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். கண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். "அப்பாடா! நாலு வருஷமா உங்களுக்கு என்னமோ மரியாதைக் குறைவு பண்ணிட்டேனோன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். இவ்வளவுதானா?"

இவ்வளவுதான். வீடு வரும்வரை அவர் போட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவர் வெல்லட்டும் என்று நினைக்க நானும் முயன்றேன். மூன்றாவது இடத்துக்குமேல் என் மனம் அவரை ஏற்ற மறுத்தது.