உயர மறுத்த கைகள்

கீழ்வானம் வெளுக்க, கடல்நீரேரிக் காற்று கோப்பாயின் செம்மண் தோட்டங்களிற் புகுந்து, பனி சுமந்த வெங்காயத் தாள்களைத் தலைசாய்த்து, கிணற்றடி வாழைகளை உலுக்கி, எங்கும் நிலைகொள்ளாது அலைந்த வைகறையில், ஒன்பது மணிக்கு மணவறை ஏறவேண்டிய கஜந்தினி, பொன்னிழையோடிய பட்டு இரவிக்கைச் சட்டைக்குள் கூண்டிற்பட்ட கிளியென நின்றாள். மார்பில் அச்சட்டை சீராய்ப் பொருந்திற்று. கைகளோ தோளுக்கு மேல் எழ மறுத்தன.

"மாலையை எப்பிடியம்மா போடுறது?"

"மாப்பிள்ளையைக் குனியச் சொல்லுவம்," என்றாள் தாய் ஞானாம்பிகை.

"அவர் குனிஞ்சாலும் பனைதான்!"

தைத்தவள் பர்ஹானா, போர்க்காலத்தில் ஊர் நீங்கிய குடும்பத்திற் பிறந்து, யாழ் நகருக்கு மீண்டுவந்து, தன் ஊசியாற் பெயர் பெற்றவள். கஜந்தினி கடல்கடந்த நாட்டிலிருக்க, அவள் விட்டுப்போன பழஞ்சட்டையை ஞானாம்பிகை அளவுக்குக் கொடுத்தாள். அதனை நூலளவும் பிசகாமற் படியெடுத்தாள் பர்ஹானா. நான்காண்டுகள் அந்நாட்டு அடுமனையில் மாமூட்டை தூக்கித் திரண்ட தோள்களை அப்பழஞ்சட்டை அறியுமோ, கண்மணிகளே?

அழைப்புக் கேட்டு ஓடிவந்த பர்ஹானா உட்காரவேயில்லை. கையை அவிழ்க்கலாமா, முதுகைத் திறக்கலாமா என ஒவ்வொன்றாய் எண்ணி, ஒவ்வொன்றாய்த் தள்ளி, சுழற்காற்றிற் சருகெனக் கூடத்தைச் சுற்றினாள்.

"இன்னும் ரண்டு மணித்தியாலம்தான் கிடக்கு, பிள்ளை. சுத்துறதை விட்டிட்டுத் தையன்!" என்றாள் ஞானாம்பிகை.

பர்ஹானா சட்டென நின்றாள். "தங்கச்சி, நான் உம்மைப் பாக்கேல்லை, உம்மடை பழஞ்சட்டையைத்தான் பாத்தனான். இப்ப அவருக்கு மாலை போடும், பாப்பம்."

கஜந்தினி வெறுங்காற்றுக்கு மாலையிட்டாள். அக்குளிற் பட்டு முறுகி இழுபட்டது. அங்கே, அங்கே மட்டுந்தான் நோய்.

பர்ஹானா கீழ்விளிம்பின் அகன்ற உள்மடிப்பைப் பிரித்து, அதில் இரு சிறு துண்டுகளைச் சாய்சதுரமாய் வெட்டியெடுத்து, அக்குள் தையலைத் திறந்து பதித்தாள். அப்படியொன்றை அவளுக்கு எவரும் கற்பித்ததில்லை.

மேளம் முழங்கிற்று. காற்றேறிய கொன்றைக் கிளைகளென இரு கைகளும் எழ, நெடிதுயர்ந்த மாப்பிள்ளை கோபிசங்கரின் கழுத்தில் மாலை வீழ்ந்தது. எல்லாரும் மாலையைப் பார்த்தார்கள். பர்ஹானா அக்குளைப் பார்த்தாள். இடப்புறத் துண்டு மயிரிழையளவு சுருங்கியிருந்தது.

"சாப்பிட்டிட்டுப் போ, பிள்ளை."

"ஓம் அக்கா, பிறகு வாறன்," என்று விரைந்தாள். கடையில் ஏழு பட்டுகள் ஏழு பழஞ்சட்டைகளோடு காத்திருந்தன. அவற்றுக்குரிய ஏழு பெண்களையும் அழைத்து, கையைத் தூக்கச் சொல்லவேண்டும். புதிது காணும் கைக்கு ஊரார் புகழினும் அம்மயிரிழைச் சுருக்கமே பெரிது. அது உறுத்திக்கொண்டிருக்கும் வரை அக்கை உறங்குவதில்லை.